ஓட்டமும் ஊர் வேலையும்: உங்க கேள்வி, அக்கா பதில்

குரூப்பா ஓடுறவங்க வாரத்துல ஒரு நாளாவது பொது வேலை நடக்கிற ஒரு இடத்துக்கு ஓடிப்போய், அரை மணி நேரம் கை கொடுத்துட்டு திரும்பி ஓடி வரலாமேன்னு போன இதழ்ல ஒரு பத்தி எழுதியிருந்தேன். அதுக்கு வந்த கடிதங்களுக்கே இந்த தடவை முழுப் பக்கமும் போயிருச்சு. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துட்டேன், யார் பேரும் போடலை.

கேள்வி: அக்கா வணக்கம். நாங்க ஒரு பதினஞ்சு பேர் வேலை முடிஞ்சு சாயங்காலம் சேர்ந்து ஓடுறோம். நீங்க எழுதினதைப் படிச்சுட்டு எல்லாருக்கும் ஆசை வந்துருச்சு, ஆனா எங்கே ஆரம்பிக்கிறதுன்னு தெரியலை. ஒருத்தர் மரம் நடலாம்ங்கிறார், ஒருத்தர் சுவருக்கு பெயின்ட் அடிக்கலாம்ங்கிறார், வாட்ஸ்அப்ல பேசிக்கிட்டே இருக்கோம், ஒண்ணும் நகரலை.

பதில்: தம்பி, வாட்ஸ்அப்ல பேசி இதுக்கு முடிவு வராது, ஏன்னா என்ன வேலை வேணும்னு தெரிஞ்சவங்க அந்த குரூப்லயே இல்லை. நீங்க கிளம்புற இடத்துல இருந்து ரெண்டு மூணு கிலோமீட்டருக்குள்ள இருக்கிற பள்ளிக்கூடம், நூலகம், முதியோர் இல்லம், பூங்கா, பிராணிகள் காப்பகம் இதுல ஏதாவது ரெண்டு இடத்துக்கு நேர்ல போங்க. பொறுப்புல இருக்கிறவங்களைப் பாத்து, ஆள் இல்லாம ரொம்ப நாளா நின்னு போயிருக்கிற வேலை எதுன்னு கேளுங்க. "நாங்க மரம் நட வரட்டுமா"ன்னு கேட்டீங்கன்னா பெரும்பாலும் சரின்னுதான் சொல்வாங்க, உதவி பண்ண வர்றவங்களை வேண்டாம்னு சொல்ல யாருக்கும் மனசு வராது, அதை நம்பிப் போனா அவங்களுக்கு வேண்டாத வேலையைச் செஞ்சுட்டு சந்தோஷமா வீட்டுக்கு வருவீங்க. கேள்வியை நீங்க எப்படிக் கேக்குறீங்கங்கிறதுலதான் பாதி விஷயம் இருக்கு.

அவங்க நாலஞ்சு வேலை சொல்வாங்க. அதுல நிறைய கை வேணும், பெரிசா பழக்கம் வேண்டாம், அரை மணி முக்கா மணியில முடியும்ங்கிற மாதிரி ஒண்ணை எடுத்துக்கோங்க. மூடாக்கு அள்ளுற வேலையைச் சொல்றேன், எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை அது. செடிகளுக்கு அடியில போடுறதுக்கு மரச்சீவலும் இலைதழையும் லாரியில வந்து கேட்டுக்கு வெளிய குவிஞ்சு கிடக்கும், அங்கே வேலை பாக்குற ரெண்டு பேர் மத்த வேலைக்கு நடுவுல அதை அள்ளி முடிக்க நாள் கணக்கா ஆகும். பதினஞ்சு பேர் போனா மூணு பேர் மண்வெட்டியில வாளியை நிரப்புவாங்க, ஏழெட்டு பேர் வரிசையா நின்னு கைமாத்தி விடுவாங்க, மிச்ச ஆளுங்க செடிகிட்ட உக்காந்து பரப்புவாங்க. வாளி வர்ற வேகம் கொஞ்ச நேரத்துலயே ஒரு தாளத்துக்கு வந்துரும், பேசிக்கிட்டே செய்யலாம், அந்தக் குவியல் கண்ணு முன்னாடி கரையும். பரப்பும்போது மட்டும் ஒண்ணு கவனிக்கணும், அஞ்சுல இருந்து பத்து சென்டிமீட்டர் கனம் போதும், தண்டைச் சுத்தி கொஞ்சம் இடம் விட்டுப் போடணும், தண்டோட ஒட்டிக் குவிச்சா ஈரம் தங்கி தண்டு அழுகும். இதை அங்கே தோட்டம் பாக்குறவர் ஆரம்பத்துலயே ஒரு செடியில செஞ்சு காட்டிட்டா போதும்.

போறதுக்கு முந்தின நாள் உங்கள்ல ஒருத்தர் போய் இடத்தைப் பாத்துட்டு வரணும். எத்தனை மண்வெட்டி இருக்கு, கையுறை இருக்கா, குடிக்கத் தண்ணி எங்கே, பாத்ரூம் எங்கே, முதலுதவிப் பெட்டி யார்கிட்ட இருக்கு, இருட்டினா வெளிச்சம் இருக்கா. எல்லாரும் கொத்த வேண்டிய வேலைக்கு அஞ்சு மண்வெட்டியை நம்பி பதினஞ்சு பேர் போனா பத்து பேர் இடுப்புல கை வச்சு நிப்பாங்க, அடுத்த தடவை அந்தப் பத்து பேர் வரவே மாட்டாங்க.

லண்டன்ல குட்ஜிம்னு ஒரு தொண்டு அமைப்பு இதையே முழு வேலையா வச்சிருக்கு, ஐவோ கோர்ம்லிங்கிறவர் ஆரம்பிச்சது, இப்ப பிரிட்டன்ல நிறைய ஊர்ல நடக்குது. அவங்க வேலையை மூணு விதமா பிரிச்சு வச்சிருக்காங்க. குரூப்பா ஓடிப்போய் பொது இடத்துல செய்யுறது ஒண்ணு, வயசானவங்க வீட்டுல கட்டில் நகத்துற மாதிரி ஒரே ஒரு தடவை முடிச்சுக் கொடுக்கிறது ஒண்ணு, தனியா இருக்கிற ஒரே முதியவரை வழக்கமா ஓடிப்போய் பாத்துட்டு வர்றது ஒண்ணு. நீங்க முதல் வகையில மட்டும் ஆரம்பிங்க, மத்த ரெண்டுக்கும் வேற பொறுப்பு வேணும், கீழே ஒரு கேள்வியில சொல்றேன்.

கேள்வி: மேடம், நான் ஹாஃப் மாரத்தானுக்கு ட்ரெயினிங் எடுத்துக்கிட்டிருக்கேன். நடுவுல நின்னு மண்ணு வெட்டி, மறுபடி ஓடி வந்தா அது ட்ரெயினிங் கணக்குல வருமா, இல்ல ஒரு நாள் வீணா?

பதில்: வீண் இல்லை, ஆனா எந்த நாள்ல வைக்கிறீங்கங்கிறது முக்கியம். ஹாஃப் மாரத்தான்ங்கிற 21.1 கி.மீ.க்கு தயாராகுற யாரா இருந்தாலும் வாரத்துல பாதி ஓட்டத்துக்கு மேல மூச்சு வாங்காம பேசிக்கிட்டே ஓடுற ஈஸி ரன்னாத்தான் இருக்கணும், அதுல ஒண்ணை இதுக்குக் கொடுங்க. வாரத்துலயே நீளமா ஓடுற லாங் ரன்னுக்கு மறுநாளும் வேண்டாம், வேகமாவும் மெதுவாவும் மாத்தி மாத்தி ஓடுற இன்டர்வெல்லுக்கு முந்தின நாளும் வேண்டாம், முதுகும் தொடையும் களைச்சுப் போயிருக்கும்.

உலக சுகாதார நிறுவனம் 2020ல வெளியிட்ட வழிகாட்டுதல்ல பெரியவங்களுக்கு வாரம் 150ல இருந்து 300 நிமிஷம் மிதமான உழைப்பு, இல்லைன்னா 75ல இருந்து 150 நிமிஷம் கடுமையான உழைப்பு, அதோட வாரத்துல ரெண்டு நாளாவது தசையை வலுப்படுத்துற வேலைன்னு சொல்லியிருக்காங்க. ஓடுறவங்க இந்தக் கடைசி விஷயத்தைத்தான் வசதியா மறந்துடறாங்க. மண்ணு கொத்துறது, வாளி தூக்குறது, வண்டி தள்ளுறது எல்லாம் தோள், முதுகு, கைப்பிடின்னு ஓட்டம் தொடாத இடத்துக்கெல்லாம் வேலை கொடுக்கும்.

ரெண்டு விஷயத்துல கவனமா இருங்க. வேலை செய்யுற முக்கா மணியில வேர்வை காஞ்சு உடம்பு குளிர்ந்துரும், கால் இறுகிரும், அதனால திரும்பும்போது முதல் அஞ்சு பத்து நிமிஷம் நடையும் மெதுவான ஓட்டமுமா வாங்க, எடுத்த எடுப்புல வேகம் பிடிக்கிறப்பதான் கெண்டைக்கால் பிடிச்சுக்கும். அப்புறம் தூக்குற வேலை. ஓடி வந்த கால் ஏற்கனவே களைச்சிருக்கு, அந்த நேரத்துல முழங்காலை மடக்காம முதுகை வளைச்சு தூக்கினா முதுகு பிடிக்கும். உக்காந்து, பொருளை உடம்போட ஒட்டிப் பிடிச்சு, காலால எழுந்திருங்க, திரும்பணும்னா இடுப்பை முறுக்காம காலை எடுத்து வச்சுத் திரும்புங்க, கனமா இருந்தா ரெண்டு பேர் தூக்குங்க. யார் எவ்வளவு தூக்குறாங்கன்னு அங்கே போட்டி வேண்டவே வேண்டாம்.

கேள்வி: அக்கா, எங்க குரூப் ஓடிக்கிட்டே குப்பை பொறுக்குற பிளாகிங் பண்ணுது. மறுநாள் இடுப்பு பயங்கரமா வலிக்குது. எனக்கு முப்பது வயசுதான் ஆகுது.

பதில்: வயசுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லைமா. ஒரு ஓட்டத்துல எத்தனை தடவை குனியுறீங்கன்னு நினைச்சுப் பாருங்க, அத்தனை தடவையும் முழங்காலை நேரா வச்சுக்கிட்டு இடுப்புல இருந்து மடங்கினா எந்த முதுகு தாங்கும். ஒரு காலை முன்னாடி வச்சு இறங்குற லஞ்ச் உடற்பயிற்சி மாதிரி குனியுங்க, அடுத்த தடவை அடுத்த கால். கூடவே கை நீட்டுற இடுக்கி ஒண்ணு வாங்கிக்கோங்க, பாதி குனியுறது மிச்சமாகும். பையை ஒரே கையில பிடிச்சு ஓடினா கை வீச்சு மாறி உடம்பு ஒரு பக்கமா சாயும், அதனால அடிக்கடி கை மாத்துங்க. நிரம்பின பையைத் தூக்கிக்கிட்டு ஓடாதீங்க, குறிச்சு வச்ச இடத்துல வச்சுட்டுப் போங்க, அதை எடுத்துட்டுப் போகுறது யாருன்னு முன்னாடியே பேசி வச்சுக்கணும். இல்லைன்னா தெரு முழுக்க சிதறிக் கிடந்த குப்பை ஒரே மூலையில குவிஞ்சு கிடக்கும், அவ்வளவுதான்.

கண்ணாடியும் ஊசியும் பத்தி ரொம்ப சீரியஸா சொல்றேன். சிரிஞ்ச் கிடந்தா வெறும் கையால தொடாதீங்க, கையுறை போட்டிருந்தாலும் ஊசி அதைக் குத்திக்கிட்டு உள்ள போகும், இடுக்கியால எடுத்து கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவுல போடுங்க, டப்பா இல்லைன்னா இடத்தைக் குறிச்சுக்கிட்டு சுகாதாரத் துறைக்குச் சொல்லுங்க. குப்பைப் பையை கையாலயோ காலாலயோ அமுக்காதீங்க, ஓடும்போது கால்ல உரசவும் விடாதீங்க. ஒருவேளை குத்திருச்சுன்னா வாயில வச்சு உறிஞ்சக்கூடாது, ஓடுற தண்ணியில காட்டி ரத்தம் வர விட்டு, சோப்பு போட்டு கழுவிட்டு அன்னிக்கே டாக்டர்கிட்ட போங்க, தள்ளிப்போடாதீங்க. எச்ஐவி தடுப்பு மருந்து தேவைப்பட்டா அது 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சாகணும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. மண்ணுலயும் குப்பையிலயும் கை வைக்கிற எல்லாருமே டெட்டனஸ் ஊசி கடைசியா எப்ப போட்டோம்னு டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை பேசிருங்க.

இந்தப் பழக்கம் பரவினது ஸ்வீடன்ல இருந்து, எரிக் ஆல்ஸ்ட்ரோம்ங்கிறவர் 2016 வாக்குல ஸ்டாக்ஹோம்ல ஆரம்பிச்சார், 2021ல இத்தாலியில இதுக்கு உலகப் போட்டியே வச்சாங்க. போட்டி இருக்கட்டும், எனக்கு முக்கியமா படுறது வேற. ஒரே தெருவுல வாரா வாரம் அதே பொருள்தான் கிடைக்குதுன்னா எழுதி வைங்க. குடிக்கிற கப்பா, சிகரெட் துண்டா, எந்தத் திருப்பத்துல அதிகம்னு ஒரு மாசக் கணக்கோட உள்ளாட்சி அலுவலகத்துக்குப் போனா அங்கே ஒரு குப்பைத்தொட்டி வைக்கணும்னு கேக்க உங்க கையில ஆதாரம் இருக்கும்.

கேள்வி: வணக்கம்மா. எனக்கு அம்பத்தெட்டு வயசு. என்னால ஓட முடியாது, வேகமா நடப்பேன். பொண்ணு இந்த மாதிரி ஒரு குரூப்புல இருக்கா, என்னையும் கூப்பிடுறா. எல்லாருக்கும் நான் பாரமா இருப்பேனோன்னு தயக்கம்.

பதில்: தயங்காம போங்கம்மா. வேலை நடக்கிற இடம் ரெண்டு கிலோமீட்டர்ல இருக்குன்னா நீங்க கால் மணி நேரம் முன்னாடி நடந்து கிளம்புங்க, எல்லாரும் ஒரே நேரத்துல போய்ச் சேருவீங்க. வேலைன்னு வந்துட்டா அங்கே யாரு வேகமா ஓடினாங்கன்னு யாரும் கேக்கப் போறதில்லை. நூலகத்துல புத்தகம் அடுக்குறதுலயும் விதை நாத்து பிரிச்சு நடுறதுலயும் ஓட்டக்கார பசங்களைவிட உங்க கை நிதானமா, சுத்தமா வேலை செய்யும், நான் பாத்திருக்கேன்.

பார்க்ரன் தெரியுமா? 2004 அக்டோபர் 2ஆம் தேதி லண்டன் புஷி பார்க்குல பால் சின்டன்-ஹியூவிட்ங்கிறவர் பதிமூணு பேரை வச்சு ஆரம்பிச்ச 5 கி.மீ. ஓட்டம், இன்னிக்கு பல நாட்டுல சனிக்கிழமை காலையில இலவசமா நடக்குது. அவருக்கே அப்ப காயம், ஓட முடியாத நிலை, அதனால நண்பர்களை ஓட விட்டு நேரம் குறிச்சார். இப்பவும் அது நடக்கிறது தன்னார்வலர்களாலதான். நேரம் குறிக்க, திருப்பத்துல நின்னு வழி காட்ட, கடைசி ஆளோட கூடவே நடந்து வரன்னு தனித்தனி வேலை இருக்கு. அந்தக் கடைசியா நடக்கிற ஆள் இருக்கிறதால மத்த யாருக்குமே கடைசின்னு பேர் வராது, எவ்வளவு அருமையான ஏற்பாடு பாருங்க.

குரூப் நடத்துறவங்களுக்கும் இதுல ஒரு தகவல் இருக்கு. 1920கள்ல ஓட்டோ கோலர்ங்கிற ஜெர்மன் உளவியல் அறிஞர் பெர்லின் படகுச் சங்கத்து ஆளுங்களை தனியாவும் சேர்ந்தும் எடை தூக்க வச்சுப் பாத்தார், சேர்ந்து தூக்கும்போது பலம் கம்மியான ஆள்தான் தனியா தூக்கினப்ப முடிஞ்சதைவிட அதிக நேரம் தாக்குப்பிடிச்சார், நாம விட்டா எல்லாரும் விடணுமேங்கிற உந்துதல். ஆனா ரெண்டு பேருக்கும் நடுவுல பலத்துல ரொம்பப் பெரிய வித்தியாசம் இருந்தா அது வேலை செய்யலை. அதனால ரொம்ப வேகமான ஆளையும் ரொம்ப மெதுவான ஆளையும் ஜோடி போடாதீங்க, கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசம் இருக்கிற மாதிரி போடுங்க, முன்னாடி ஓடுறவங்க அப்பப்ப திரும்பி கடைசி ஆள் வரைக்கும் வந்துட்டுப் போகட்டும்.

கேள்வி: மேடம், நான் ஓட்டக்காரி இல்லை, ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தைப் பாத்துக்கிறவ. போன வருஷம் ஒரு ஓட்டக் குழு எங்க வளாகத்துக்கு ஓடி வந்து நாப்பது மரக்கன்னு நட்டாங்க, டீஷர்ட் போட்டு போட்டோ எடுத்தாங்க, எல்லாருக்கும் சந்தோஷம். அதுக்கப்புறம் ஒரு ஆள் வரலை. எங்ககிட்ட தண்ணி ஊத்த ஆள் இல்லை, பசங்க முடிஞ்சவரைக்கும் ஊத்தினாங்க, லீவுல எல்லாம் காஞ்சிருச்சு. இப்ப வேற ஒரு குழு கேக்குறாங்க. எப்படி வேண்டாம்னு சொல்றது?

பதில்: இந்தப் பக்கத்துல நான் ரொம்ப மதிக்கிற கடிதம் இதுதான், ஓடுறவங்க எல்லாரும் ரெண்டு தடவை படிங்க. தன் கையால ஊத்தி வளத்தது கருகிக் கிடக்கிறதை லீவு முடிஞ்சு வந்து பாத்த பசங்களுக்கு எப்படி இருந்திருக்கும்.

ஒரு கன்னு நட பத்து நிமிஷம் போதும், அதை வளக்கிறதுதான் வேலை. நட்ட முதல் ஒண்ணு ரெண்டு வருஷம் வேர் ஆழமா போகுற வரைக்கும், முக்கியமா மழை இல்லாத மாசங்கள்ல, அதுக்கு ஒழுங்கா தண்ணி வேணும். அதனால நாப்பது கன்னு நடுற குழு நாப்பது கன்னோட தண்ணிக்கும் பொறுப்பு எடுத்துக்கணும், முடியாதுன்னா ஆறு கன்னு நட்டா போதும். உண்மையில இந்த வேலைக்கு ஓட்டக் குழுவைவிடப் பொருத்தமானவங்க கிடையாது, ஏன்னா வாரா வாரம் எப்படியும் ஓடத்தான் போறாங்க, அதுல ஒரு ரூட் உங்க கேட் வழியா போகட்டும், பத்து பேர் வந்தா நாப்பது கன்னுக்கு ஆளுக்கு நாலு, கால் மணி நேரத்துல ஊத்திட்டு கிளம்பிரலாம். லீவு நாள்லயும் சாவி யார்கிட்ட இருக்கு, குழாய்ல தண்ணி வருமான்னு மட்டும் நீங்க ஏற்பாடு பண்ணிக் கொடுங்க.

வேண்டாம்னு சொல்றதுக்கு முன்னாடி புதுக் குழுகிட்ட மூணு விஷயம் கேளுங்க. நட்டதுக்கு அப்புறம் யார் பாத்துக்குவாங்க, அடுத்து எந்தத் தேதி வருவாங்க, ஏதாவதுன்னா நீங்க கூப்பிட வேண்டிய ஒரே ஆள் யாரு. பதில் தெளிவா இல்லைன்னா மரம் வேண்டாம், இந்த வகுப்பறை பெஞ்சைத் தேச்சு வார்னிஷ் அடிச்சுக் கொடுங்கன்னு வேலையை மாத்திக் கொடுங்க, அது ஒரே நாள்ல முடியும், அவங்க திரும்பி வரலைன்னாலும் யாருக்கும் நஷ்டம் இல்லை. உங்க இடம், உங்க பசங்க, என்ன வேலைன்னு முடிவு பண்ற உரிமை உங்களோடதுதான், உதவி வாங்குறோமேன்னு குரலைத் தாழ்த்திக்க வேண்டியதே இல்லை.

கேள்வி: அக்கா, எங்க ஏரியால தனியா இருக்கிற வயசானவங்க நிறைய பேர். நாங்க ஓடுற வழியில போய்ப் பாத்துட்டு வரலாம்னு ஒரு ஐடியா. இதுல என்ன கவனிக்கணும்?

பதில்: இது நல்ல ஐடியாதான், ஆனா இந்தப் பக்கத்துல இருக்கிற எல்லாத்தையும்விட நிதானமா செய்ய வேண்டியதும் இதுதான். வேர்வையோட நாலு பேர் கதவைத் தட்டினா தனியா இருக்கிற பாட்டிக்கு பயம்தான் வரும். அதனால நேரா போகாதீங்க. ஏற்கனவே அவங்களைத் தெரிஞ்ச ஒரு அமைப்பு, மருத்துவமனை சமூகப் பணியாளர், குடியிருப்பு சங்கம் யாராவது மூலமா போங்க. அவங்க முதல்ல அந்தப் பெரியவர்கிட்ட கேக்கணும், அவரு சரின்னா முதல் தடவை கூட வந்து அறிமுகம் பண்ணி வைக்கணும். வழக்கமா போகப் போற ஆளுக்கு குற்றப் பின்னணி சரிபார்ப்பு கண்டிப்பா வேணும், குட்ஜிம்லயும் அந்த மாதிரி சரிபாத்துட்டுத்தான் அனுப்புறாங்க. ஆரம்பத்துல ரெண்டு ரெண்டு பேரா போங்க. பணம் கை மாறக்கூடாது, பேங்க் கார்டு, மருந்து இதுல தலையிடக்கூடாது, வீட்டு சாவி வாங்கக்கூடாது, போட்டோ எடுத்து எங்கயும் போடக்கூடாது. அவங்க தனியா இருக்காங்கங்கிற தகவலே வெளிய போகக்கூடாத தகவல். ஓட்ட ஆப்புல உங்க ரூட் எல்லாருக்கும் தெரியுற மாதிரி இருந்தா அந்த வீட்டு வாசல் அதுல தெரியும், அதையும் மறைச்சு வைங்க.

அதுக்கப்புறம்தான் நிஜமான விஷயம். நீங்க ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு ஆளா மாறி மாறிப் போனா அவங்களுக்கு ஒவ்வொரு வாரமும் புது ஆள்கிட்ட முதல்ல இருந்து பேசணும். ஒரே ஆள், ஒரே கிழமை, ஒரே நேரம். செவ்வாய்க்கிழமை ஆறு மணின்னு சொன்னா ஆறு மணிக்கு நிக்கணும், ஏன்னா அஞ்சரைக்கே அவங்க நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டிருப்பாங்க. வர முடியலைன்னா முன்னாடியே போன். போய் அரை மணி நேரம் உக்காந்து பேசினா போதும், எதையாவது செஞ்சு கொடுத்தே ஆகணும்னு துடிக்காதீங்க, அவங்க கேட்டா பல்பு மாத்திக் கொடுங்க. குட்ஜிம்ல அந்தப் பெரியவருக்கு கோச்சுன்னே பேர் வச்சாங்க, அவரு காத்திருக்கிறதாலதான் ஓட்டக்காரர் சோம்பேறித்தனம் பாக்காம ஷூவை மாட்டுறார், ஆக ரெண்டு பக்கமும் கொடுக்கிறாங்க வாங்குறாங்க. உங்க குரூப்புலயும் அப்படி நடக்க விடுங்க, இன்னிக்கு எவ்வளவு தூரம் ஓடினே, ஏன் லேட்டுன்னு அவரு உங்களைக் கேக்கட்டும்.

வேலை மாறி வேற ஊருக்குப் போறீங்கன்னா திடீர்னு நின்னுராதீங்க. ஒரு மாசம் முன்னாடியே சொல்லி, அடுத்து வரப்போற ஆளைக் கூட்டிக்கிட்டு ரெண்டு மூணு தடவை சேர்ந்து போங்க. இந்த அளவுக்கு முடியாதுன்னு தோணினா இந்த வேலையை எடுத்துக்காதீங்க, பூங்காவுல களை பிடுங்கப் போங்க, அதுவும் நல்ல வேலைதான்.

கேள்வி: குரூப்புல சிலர் ஓடி வந்து போட்டோ எடுத்துக்கிட்டு வேலை ஆரம்பிக்கும்போது நழுவிடறாங்க. எப்படிக் கேக்குறது?

பதில்: கேக்காதீங்க, ஏற்பாட்டை மாத்துங்க. கிளம்பும்போதே யாருக்கு என்ன வேலைன்னு பேர் சொல்லிப் பிரிச்சு விடுங்க. குரூப் போட்டோவை வேலை முடிஞ்சதுக்கு அப்புறம் எடுங்க. அப்படியும் போறவங்க போகட்டும், சிலருக்கு நிஜமாவே வீட்டுல குழந்தையோ பெரியவங்களோ காத்திருப்பாங்க.

கேள்வி: அக்கா, பார்வையில்லாத ஒரு நண்பர் எங்களோட ஓட ஆசைப்படுறார். இதையும் தொண்டு கணக்குல சேத்துக்கலாமா?

பதில்: சேத்துக்காதீங்க தம்பி, அவரு உங்க குரூப்போட இன்னொரு ஓட்டக்காரர், அவருக்கும் மண்வெட்டி ஒண்ணு எடுத்து வைங்க. நீங்க கத்துக்க வேண்டியது வழிகாட்டி ஓடுறது எப்படின்னுதான். ரெண்டு பேர் கையிலயும் ஒரு சின்னக் கயிறு, இல்லைன்னா அவரு உங்க முழங்கையைப் பிடிச்சுக்கலாம், எது வேணும்னு அவருகிட்டயே கேளுங்க. வேகத்தை அவரு முடிவு பண்ணணும், நீங்க அவரோட அடிக்கு உங்க அடியைச் சேத்துக்கணும். "பாத்து"ன்னு கத்தினா எதைப் பாக்குறது, எந்தப் பக்கம்னு அவருக்கு எப்படித் தெரியும். மூணு அடியில ஒரு படி கீழே, இடது பக்கம் வளைவுன்னு முன்கூட்டியே தெளிவா சொல்லுங்க. முதல்ல ஆள் இல்லாத நேரான பாதையில பழகுங்க, வாய்ப்பு கிடைச்சா நீங்க கண்ணைக் கட்டிக்கிட்டு இன்னொருத்தர் கூட்டிட்டுப் போக ஒரு நூறு மீட்டர் நடந்து பாருங்க, எந்த வார்த்தை உதவும் எது உதவாதுன்னு உடனே புரிஞ்சிரும்.

டிக் ட்ராம்ங்கிறவர் தொடைக்கு மேல காலை இழந்தவர், செயற்கைக் காலோட 1976ல நியூயார்க் மாரத்தான் ஓடி முடிச்சார். மத்தவங்களும் ஓடணும்னு 1983ல அவரு ஆரம்பிச்ச அகிலீஸ் அமைப்பு இன்னிக்கும் மாற்றுத்திறனாளிகளையும் வழிகாட்டி ஓட்டக்காரர்களையும் சேத்து வைக்குது. பிலடெல்பியாவுல ஆன் மாலம்ங்கிறவங்க தினமும் காலையில வீடில்லாதவங்க தங்குற விடுதியைத் தாண்டி ஓடிக்கிட்டிருந்தாங்க, வாசல்ல நிக்கிறவங்களோட பேச்சு ஆரம்பிச்சு, 2007ல அவங்களைச் சேத்தே ஒரு ஓட்டக் குழு வச்சாங்க. பேக் ஆன் மை ஃபீட்னு பேரு, ஒழுங்கா ஓட வர்றவங்களுக்கு வேலைப் பயிற்சி, வீடுன்னு அடுத்தடுத்து வழி காட்டுறாங்க. யாருக்காகவோ போய் வேலை செய்யுறது ஒரு பக்கம் இருக்கட்டும், அவங்களையே பக்கத்துல ஓடக் கூப்பிடுறது பல நேரம் அதைவிடப் பெரிய விஷயம்னு நான் நம்புறேன்.

கேள்வி: மேடம், மாசத்துக்கு ஒரு தடவை போனா போதுமா? எங்க குரூப்புல சில நாள் இருபது பேர் வருவாங்க, சில நாள் மூணு பேர்தான். பசங்களையும் கூட்டிட்டுப் போகலாமா?

பதில்: மாசம் ஒரு தடவை தாராளமா போதும், கிழமை மட்டும் மாறக்கூடாது. முதல் புதன்னா எல்லா மாசமும் முதல் புதன், அப்பதான் அந்த இடத்துல இருக்கிறவங்க உங்களை நம்பி வேலையை எடுத்து வைப்பாங்க. பசங்களை அவங்க அம்மா அப்பாவோட கூட்டிட்டு வாங்க, ஆனா அங்கே இருக்கிற பொறுப்பாளர்கிட்ட முன்னாடியே கேட்டுக்கோங்க, மண்வெட்டி, பெயின்ட் பக்கம் விடாம விதை போடுறது, தண்ணி ஊத்துறது மாதிரி வேலையா கொடுங்க. மூணு பேர்தான் தேறினாலும் போங்க, எத்தனை பேர் வர்றோம்னு முந்தின நாள் சாயங்காலமே போன் பண்ணிச் சொல்லிருங்க, இருபது பேருக்கு எடுத்து வச்ச வேலையை அவங்க மூணு பேருக்குத் தகுந்த மாதிரி மாத்தி வச்சுக்குவாங்க.